நான்கு நிமிடம் பத்து வினாடி

வேலையிடத்தில் அவளுக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு பெயர் இருந்தது: அரை நிமிஷம். யார் வந்து எதைக் கேட்டாலும் அவள் வாயிலிருந்து முதலில் வருவது "அரை நிமிஷம் இருங்க" என்பதுதான். அந்த அரை நிமிடத்தில் ஆட்கள் போய்த் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். ஒருவர் முடியே வெட்டிக்கொண்டு வந்துவிட்டார் என்றும் சொல்வார்கள். அது கொஞ்சம் மிகை. வீட்டிலும் இதே கதைதான். கணக்கு வாத்தியாரான கணவர் காலையில் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு வாசலில் நிற்பார். மாடியிலிருந்து "இதோ, அரை நிமிஷம்" என்று குரல் வரும். அவர் வண்டியை அணைத்துவிட்டுச் செய்தித்தாளை விரிப்பார்.

மற்றபடி அவளைப் போல ஒழுங்கான ஆளைப் பார்க்க முடியாது. மருந்து செய்யும் நிறுவனம் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக விஞ்ஞானி. என்ன வேலை என்று யாராவது கேட்டால்தான் சங்கடம். அடுத்த வீட்டம்மா ஒருநாள் லிஃப்டில் கேட்டார்.

"நீங்க வைரஸ் வளர்க்கிறீங்களாமே?"

"ஆமாங்க. ஆனா அது நோய் கொடுக்காது. உள்ளே இருக்கிறதை எல்லாம் எடுத்துட்டு, வெறும் கூட்டை மட்டும் வச்சுக்குவோம். பிள்ளைங்க உடம்புல ஒரு மரபணு சரியில்லாம பிறக்குது பாருங்க, அதோட நல்ல நகலை அந்தக் கூட்டுக்குள்ள வச்சு அனுப்புவோம். வண்டி மாதிரி."

அந்த அம்மா "ஓ" என்றார். மறுநாள் முதல் படிக்கட்டில் ஏற ஆரம்பித்தார். முட்டிவலிக்கு நல்லது என்று காரணம் சொன்னார்.

அந்த வண்டியைக் கண்டுபிடிப்பது அவள் வேலை அல்ல. அதை வேறு பெரிய மூளைகள் செய்கின்றன. பேரும் புகழும் அவர்களுக்கு. கண்டுபிடித்ததை ஒரு கையளவு குடுவையில் இருந்து பெரிய தொட்டிக்குக் கொண்டுபோவது, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரச் செய்வது, அதை இன்னொருவர் படித்துச் செய்யும்படி எழுதி வைப்பது: இதுதான் அவள் பிழைப்பு. கேட்க உப்புச் சப்பில்லாமல் இருக்கும். ஆனால் இதில் ஒருவர் கோட்டை விட்டால், கண்டுபிடிப்பு கண்டுபிடித்த இடத்திலேயே கிடக்கும். நோயாளியின் உடம்புக்கு எட்டாது.

இந்த நிறுவனத்துக்கு வருவதற்கு முன், முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் ஒரு தப்புச் செய்தாள். அந்தத் தப்பைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. அப்போது வேறொரு சிறிய ஆய்வகத்தில் இருந்தாள். காலையில் வந்ததும் எல்லாக் குடுவைகளுக்கும் முன்கூட்டியே லேபிள் எழுதி ஒட்டி, அணிவகுப்பு மாதிரி நிறுத்தி வைத்துவிட்டு அப்புறம்தான் ஊற்றத் தொடங்குவாள். பார்க்க அழகாக இருக்கும். ஒருநாள் ஏதோ யோசனையில் இரண்டு குடுவைகளுக்கு மாற்றி ஊற்றிவிட்டாள். லேபிள் சொன்னது ஒன்று, உள்ளே இருந்தது வேறு. மூன்று மாதம் கழித்துத்தான் அது தெரியவந்தது. மூன்று மாத வேலை, நாலு பேருடைய வேலை, குப்பைக்குப் போனது. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த அவளுடைய மேலதிகாரி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"பிள்ளை பிறக்கிறதுக்கு முன்னாடி யாராவது பேர் வைப்பாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்து அவள் ஊற்றிய பிறகுதான் லேபிள் எழுதுவாள். உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, அப்புறம் பேனாவை எடுப்பாள். அச்சடித்தது போன்ற கையெழுத்து. தேதி, தொகுதி எண், உள்ளே இருப்பது, செய்தவர் கையொப்பம். அவளிடம் வேலை பழகிய எல்லோரும் அப்படியே பழகினார்கள். இருபத்திரண்டு வருடத்தில் அப்புறம் ஒரு குடுவைகூட மாறவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இந்த முறை கையில் வந்திருந்தது, குழந்தைகளின் தசைகளைத் தளர்த்திக்கொண்டே போகும் ஒரு நோய்க்கான வண்டி. தலை நிற்க வேண்டிய வயதில் நிற்காது, உட்கார வேண்டிய வயதில் சாய்ந்துவிடும். மூன்று வருடம் அவள் இதோடு மல்லுக்கட்டினாள். அதில் உயிரான கட்டம் ஒன்று. செல்களுக்குள் டி.என்.ஏ.வை நுழைக்க வேண்டும். அது தானாக நுழையாது. அதை ஒரு துணைத் திரவத்தோடு கலந்தால் இரண்டும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாகத் திரளும். துணுக்கு மிகச் சிறிதாக இருந்தால் செல் சீந்தாது. பெரிதாகிவிட்டால் செல்லுக்கு ஆகாது. நேரம்தான் எல்லாம். கலந்து பத்து நிமிடம் வைத்து ஊற்ற வேண்டும் என்று அவள் கண்டுபிடித்தாள். கையளவு குடுவையில் சரியாக வந்தது. பத்து லிட்டரில் வந்தது. ஐம்பது லிட்டரில் அவளே நின்று செய்தாள், வந்தது.

பிறகு அறுபத்திரண்டு பக்கத்துக்குச் செய்முறை எழுதினாள். இடது கையை எங்கே வைப்பது என்பதுகூட அதில் இருக்கிறது என்று கேலி செய்தார்கள். தரக்கட்டுப்பாட்டுத் தலைவி, லேசில் எதையும் பாராட்டாதவர், அதைப் படித்துவிட்டு "இதை வச்சு கண்ணை மூடிக்கிட்டே செய்யலாம்" என்றார். அந்த ஒரு வரியை அவள் இரண்டு நாள் மனசுக்குள் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள்.

செய்முறை தொழிற்கூடத்துக்குப் போனது. அங்கே இருநூறு லிட்டர் தொட்டி. அதை ஓட்டுபவர் இதற்கு முன் பத்தொன்பது வருடம் பால் தொழிற்சாலையில் இருந்தவர், அதனால் எல்லோருக்கும் அவர் பால்காரர். அதிகம் பேசமாட்டார். எழுதியிருப்பதை விரலால் தொட்டுப் படித்து, செய்து, கையொப்பம் போடுவார்.

முதல் தடவை ஓட்டினார்கள். வர வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் வந்தது. சரி, முதல் முறை, போகட்டும் என்றார்கள். எல்லாக் கருவியையும் கழற்றி மாட்டிவிட்டு இரண்டாம் தடவை ஓட்டினார்கள். அதே மூன்றில் ஒரு பங்கு. எல்லோரும் கையிருப்பைக் கணக்குப் பார்த்தார்கள். கைவசம் இருந்த டி.என்.ஏ. இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் காணும். புதிதாகச் செய்து வாங்க ஏழு மாதம். அந்த ஏழு மாதத்துக்குக் காத்திருக்க முடியாத இரண்டு பேர் இருந்தார்கள். பரிசோதனை விதிப்படி, இரண்டு வயது தாண்டிய குழந்தைக்கு இந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது. மருத்துவமனையிலிருந்து வந்த பட்டியலில் பெயர்கள் இல்லை, எண்களும் பிறந்த தேதிகளும் மட்டும். மூன்றாம் எண்ணுக்கும் ஐந்தாம் எண்ணுக்கும் இரண்டு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் தடவை சரியாக வந்தால், கடைசிச் சோதனைகள் எல்லாம் முடிந்து, இருவருக்கும் கொடுத்துவிடலாம். ஆனால் ஏன் வரவில்லை என்று தெரியாமல் மூன்றாவதில் கை வைக்க யாருக்கும் தைரியம் இல்லை.

கூட்டம் போட்டார்கள். போட்டுக்கொண்டே இருந்தார்கள், நாலு வாரம். ஒருவர் தண்ணீர் என்றார், ஒருவர் வெப்பநிலை என்றார், ஒருவர் குழாய் என்றார். எல்லாவற்றையும் பார்த்தாயிற்று, எதிலும் குறை இல்லை. ஆய்வகத்தில் அவள் கையால் செய்தால் இப்போதும் முழுசாக வருகிறது. அப்படியானால் மிச்சம் என்ன? தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற மனிதர்.

"எழுதினதுல தப்பில்லை. செய்ததுல தான் ஏதோ இருக்கு," என்றார் கூடத்தின் மேலாளர். "கைப்பிழைன்னு அறிக்கையை முடிச்சிடலாம். ஆளை மாத்திட்டு மூணாவதை ஓட்டுவோம். வெள்ளிக்கிழமைக்குள்ள செய்முறை எழுதினவங்க கையெழுத்து வேணும்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் தலையாட்டினாள். மனசறிந்து பொய் சொல்லவில்லை. அப்படித்தான் இருக்கும் என்று நம்பினாள். நம்புவது வசதியாகவும் இருந்தது. அதை அப்புறம் அவளே ஒப்புக்கொண்டாள்.

திங்கட்கிழமை பிற்பகல் பால்காரர் அவளுடைய ஆய்வக வாசலில் வந்து நின்றார். தொழிற்கூடத்து ஆட்கள் அந்தப் பக்கம் வருவதே இல்லை.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?"

"அரை நிமிஷம் இருங்கண்ணே."

அவர் நின்றார். கொஞ்ச நேரம் ஆனது. அவள் கையுறையைக் கழற்றிவிட்டு வந்தாள்.

"என்னை மாத்தப் போறாங்கன்னு கேள்விப்பட்டேன். மாத்தட்டும், பரவாயில்லை. ஆனா நான் எங்க தப்பு பண்ணினேன்னு தெரியாம போனா எனக்குத் தூக்கம் வராது. நீங்க ஒரு தடவை செய்யுங்க. நான் ஓரமா நின்னு பாத்துக்கறேன்."

அவளுக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். ஆனாலும் மனிதர் கேட்ட விதம் மறுக்க முடியாததாக இருந்தது. மேல்கோட்டு, தொப்பி எல்லாம் கொடுத்து உள்ளே விட்டாள். ஆறு குடுவைகளில் செல்களை ஊற்றியாயிற்று, லேபிள்தான் பாக்கி. போத்தலில் டி.என்.ஏ.வை எடுத்தாள், துணைத் திரவத்தைச் சேர்த்தாள், எட்டுச் சுழற்று சுழற்றினாள், வைத்தாள். பேனாவை எடுத்தாள். போத்தலுக்கு ஒரு லேபிள், ஆறு குடுவைகளுக்கு ஆறு. ஒவ்வொன்றையும் எழுதி, ஒட்டி, விரலால் நீவி விட்டாள். அப்புறம் டைமரைத் தட்டினாள்: பத்து நிமிடம்.

பால்காரர் தொண்டையைச் செருமினார்.

"மேடம், டைமரை எதுக்கு இப்ப அமுக்கினீங்க?"

"பத்து நிமிஷம் வைக்கணும்ல? அதுக்குத்தான்."

"அது சரி. கலந்தது முன்னாடியே கலந்துட்டீங்களே."

"லேபிள் எழுதினேன்ல, அண்ணே. அது ஒரு அரை நிமிஷம்."

அவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, ஏதோ தான் தப்புச் செய்துவிட்டவர் மாதிரி, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"நாலு நிமிஷம் பத்து செகண்ட் ஆச்சு, மேடம்."

"என்னது?"

"பால் கம்பெனியில பாலைச் சூடாக்கிக் குழாயில விடுவோம். பதினஞ்சு செகண்ட் சூட்டுல நிக்கணும். அந்தப் பதினஞ்சு எங்கேருந்து ஆரம்பிக்குதுங்கறதுல தான் எங்களுக்குள்ள எப்பவும் சண்டை. அந்தப் பழக்கத்துல பாத்துட்டேன். எங்க கூடத்துல லேபிள் எல்லாம் முந்தின நாளே அச்சடிச்சு ஒட்டி வந்துரும். கலந்த செகண்ட்ல மெஷின் தானா எண்ண ஆரம்பிச்சிடும். பத்து நிமிஷம்னா எங்களுக்குச் சரியா பத்து நிமிஷம்."

அவள் டைமரைப் பார்த்தாள். அது ஓடிக்கொண்டிருந்தது. மூன்று வருடம், நூற்றுக்கணக்கான குடுவைகள், ஐம்பது லிட்டர், அறுபத்திரண்டு பக்கம். எல்லாவற்றிலும் அவளுடைய பத்து நிமிடம் பதினாலு நிமிடமாக இருந்திருக்கிறது. அவளிடம் பழகியவர்களும் அவளைப் போலவே எழுதினார்கள், அவளைப் போலவே அதற்கப்புறம்தான் டைமரைத் தட்டினார்கள். இடது கை எங்கே இருக்க வேண்டும் என்று எழுதியவள், கலந்ததற்கும் டைமருக்கும் நடுவே தான் ஒரு வேலை செய்வதாக எழுதவே இல்லை. அது வேலை என்றே அவளுக்குத் தோன்றியதில்லை.

பால்காரர் மேல்கோட்டை மடித்து மேசையில் வைத்தார். "நான் யார்கிட்டயும் சொல்லலை, மேடம். நீங்க பாத்துக்குங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வார்த்தைதான் அவளை ஆட்டிவிட்டது. ஏனென்றால் அவர் போன பத்தாவது அடியிலேயே ஒரு குறுக்குப் புத்தி அவளுக்குள் வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. 'நேரத்தைப் பதினாலாக மாற்றினால் நன்றாக வருகிறது' என்று ஒரு முன்னேற்றமாக எழுதிவிடலாம். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். கைப்பிழை அறிக்கை அது பாட்டுக்கு முடியும். மூன்றாம் தடவையும் நன்றாக வரும், குழந்தைகளுக்கும் மருந்து போகும். யாருக்கு என்ன நஷ்டம்? ஒரு மனிதரைத் தவிர. அதுவும் அவரே பரவாயில்லை என்று சொல்லிவிட்டார். அவள் அவசரக்காரி அல்ல, கெட்டவளும் அல்ல. ஆனாலும் செவ்வாய் முழுக்க இந்த யோசனையை அவள் விரட்டவில்லை. கூடவே வைத்துக்கொண்டு சுற்றினாள். அடுத்த வருடம் துறைத் தலைவர் பதவி அவளுக்கு என்று பேச்சு இருந்தது, அதுவும் சேர்ந்து சுற்றியது.

இதற்கிடையே மூன்று குடுவைகளைப் பத்து நிமிடத்திலும் மூன்றைப் பதினாலிலும் வைத்துப் பார்த்திருந்தாள். முடிவு வியாழக்கிழமை மதியம் வந்தது. பத்தில் மூன்றில் ஒரு பங்கு. பதினாலில் முழுசு. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

அன்று மாலை வீட்டில் துணி மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள்.

"அம்மா, உன் அரை நிமிஷம் அரை நிமிஷம் இல்லைன்னு கண்டுபிடிக்க நாலு வாரம் கூட்டம் போட்டீங்களா? எங்களைக் கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்போமே!"

கணவர் சிரிப்பை அடக்க முடியாமல் ஒரு சட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழுதுவிட்டாள். மகள் பயந்துபோய்ப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இப்ப என்னம்மா? சொல்லிட வேண்டியதுதானே?"

"அந்த மனுஷன் வாசல்ல நின்னு 'நான் எங்க தப்பு பண்ணினேன்'னு கேட்டாரு. நான் ஒரு நாள்கூட அப்படிக் கேக்கலை, பாப்பா."

வெள்ளிக்கிழமை காலை கூட்டத்தில் அறிக்கையை அவள் முன்னால் தள்ளினார்கள். அவள் பேனாவைத் திறந்தாள். கையெழுத்துப் போடவில்லை. காரணம் என்ற இடத்தில் அச்சிட்டிருந்த 'தொட்டி இயக்குபவரின் கைப்பிழை' என்பதை ஒரே கோடாக அடித்துவிட்டு, மேலே 'செய்முறை எழுதியவர் விட்டது' என்று எழுதினாள். பிறகு எழுந்து நின்று, போத்தல், பேனா, ஏழு லேபிள், நாலு நிமிடம் பத்து வினாடி என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். பழைய ஆய்வகத்தில் மாற்றி ஊற்றிய கதையையும் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

தரக்கட்டுப்பாட்டுத் தலைவி அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துப் படித்தார். "யார் கண்டுபிடிச்சது?" என்று கேட்டார்.

"தொட்டிக்காரர். பால் கம்பெனியில கத்துக்கிட்டாராம்."

"அதையும் எழுதுங்க."

எழுதினாள். துறைத் தலைவர் பதவி அடுத்த வருடம் வேறொருவருக்குப் போனது. இந்தக் காரணத்தால்தான் என்று யாரும் சொல்லவில்லை, வேறு காரணமும் யாரும் சொல்லவில்லை.

செய்முறையைத் திருத்தும்போது அவள் நேரடியாகப் 'பதினாலு நிமிடம் பத்து வினாடி' என்றுதான் எழுதப் போனாள். தரக்கட்டுப்பாட்டுத் தலைவி விடவில்லை. பழைய பத்து நிமிடம் அப்படியே இருக்கட்டும், அதற்கு முன்னால் ஒரு புதுப் படி சேருங்கள், அப்போதுதான் பின்னால் வருகிறவனுக்கு என்ன மாறியது என்று தெரியும் என்றார். அப்படியே சேர்ந்தது: காத்திருக்கவும், நான்கு நிமிடம் பத்து வினாடி.

மூன்றாம் தடவையைப் பால்காரரே ஓட்டினார். அவள் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்றாள். கலந்தார்கள். திரையில் எண்கள் ஓடின. உள்ளே நாலு பேர் கையைக் கட்டிக்கொண்டு, செய்ய ஒரு வேலையும் இல்லாமல் நின்றார்கள். தன் அரை நிமிடம் எவ்வளவு நீளம் என்று அவள் வாழ்க்கையில் முதல் முறையாகப் பார்த்தாள். நீளமாகத்தான் இருந்தது.

முழுசாக வந்தது. சொல்லப்போனால் கொஞ்சம் கூடவே வந்தது. கூடத்தில் கை தட்டினார்கள். பால்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

ஆனால் அந்த நாலு வாரத்தை யாரும் திருப்பித் தரவில்லை. சோதனைகள் எல்லாம் முடிந்து மருந்து வெளியே போனபோது ஐந்தாம் எண்ணுக்கு இரண்டு வயதாக ஆறு நாள் மிச்சமிருந்தது. கொடுத்தார்கள். மூன்றாம் எண்ணுக்கு இரண்டு வயது முடிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. பட்டியலில் அந்த வரிக்கு நேரே 'தகுதி இல்லை' என்று தட்டச்சு செய்திருந்தார்கள். ஆண் குழந்தையா, பெண் குழந்தையா என்றுகூட அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விதி இடம் கொடுக்கவில்லை. அந்தப் பிறந்த தேதி மட்டும் அவளுக்கு மனப்பாடம். அதன்பின் வருடா வருடம் அந்த நாளில் அவள் யாரோடும் அதிகம் பேசமாட்டாள். கணவருக்குத் தெரியும், கேட்கமாட்டார்.

இதெல்லாம் நடந்து ஒன்பது வருடம். அந்த மருந்து இப்போது மூன்று ஊர்களில் மூன்று கூடங்களில் செய்யப்படுகிறது. நான்கு நிமிடம் பத்து வினாடியை யாரும் தொடவில்லை. அதை மாற்ற வேண்டுமானால் எல்லா அனுமதியையும் முதலிலிருந்து வாங்க வேண்டும். அரசாங்க ஏடுகளில் ஏறிவிட்டது. பால்காரர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார்.

அவளும் ஓய்வுபெறுகிற வாரத்தில், கடைசியாக ஒரு தடவை ஓடுவதைப் பார்க்கத் தொழிற்கூடத்துக்குப் போனாள். உள்ளே இருந்த யாரையும் அவளுக்குத் தெரியாது, அவளையும் யாருக்கும் தெரியாது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றாள். கலந்தார்கள். திரையில் நாலு பத்து என்று காட்டி எண் இறங்கத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து மேலே இருந்து யாரோ ஒலிபெருக்கியில் கேட்டார்கள்.

"என்னப்பா, ஏன் எல்லாரும் சும்மா நிக்கிறீங்க?"

தொட்டியின் பக்கத்தில் நின்ற பெண், எண்களிலிருந்து கண்ணை எடுக்காமல், பால்காரர் காலத்திலிருந்தே அங்கே தினமும் சொல்கிற ஒரு வார்த்தையைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"மேடம் எழுதுறாங்க. இருங்க."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள் வெறுங்கையோடு நின்றாள். மூன்றாம் எண்ணுக்கு இப்போது பதினோரு வயது நடக்க வேண்டும். எண்கள் இறங்கி முடியும்வரை அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.